எக்ஸ்ரே அக்காவும் நாய்ப் பள்ளிக்கூடமும்

“மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையக் கூடாது.”

தடுப்புக்குப் பின்னால் நின்று அக்கா இதைச் சொல்லிவிட்டால், எப்பேர்ப்பட்ட ஆளும் அடித்த ஆணிபோல நிற்பார். ஒருநாள் லாரி ஆபீஸ்காரர் ஒருவர் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் தன் வாலைத் தானே துரத்திச் சுற்ற ஆரம்பித்தது. அக்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “விடலாம்” என்று சொல்ல வேண்டியது மறந்தே போயிற்று. மனிதர் முகம் செக்கச்செவேலென்று ஆகி, தாங்க முடியாமல் மூச்சை விட்டுவிட்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அக்கா விடவில்லை. “நான் சொல்லாம நீங்க எப்படி விட்டீங்க?”

அந்தக் கிளினிக்கில் டாக்டர் உட்பட எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. நடக்கப் பழகிய நாளிலிருந்து நாய் என்றால் உயிர். ஆனால் சொந்தமாக ஒரு நாய் வாய்க்கவில்லை. பிறந்த வீட்டில் அப்பா, “நாய் உள்ள வந்தா நான் வெளிய” என்று சொல்லியிருந்தார். புகுந்த வீட்டிலோ, தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் கணவருக்கு நாய் முடி நாலு வீடு தள்ளிப் பறந்தாலும் தும்மல் வரும். அதனால் அக்கா தெருவில் உள்ள எல்லா நாய்களையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். அவள் கொடுக்கும் எக்ஸ்ரே கவர்களில்கூட லேசாக பிஸ்கட் வாசனை அடிக்கும். கிளினிக் வாசலில் படுத்துக் கிடக்கும் பழுப்பு நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அவள்தான். “காலையிலயே வந்துடும். ஒரு வேலையும் செய்யாது. நாமதான் ஒதுங்கிப் போகணும்.”

நாய்களைப் பழக்குவதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. போனில் வீடியோக்கள் பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம். ஒத்திகைக்கு நாய் இல்லாததால் நாய் கழுத்தில் கட்ட வாங்கிய வார் கணவரின் மணிக்கட்டுக்குப் போயிற்று. அவர் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, மறு கையை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தைச் சுற்றி வருவார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து விசாரித்தபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “இடதுன்னா இடது, வலதுன்னா வலது, நில்லுன்னா நிக்கிறேன். பிஸ்கட்தான் கண்ணுல காட்ட மாட்டேங்கறா.”

ஊருக்கு வெளியே, வேலி போட்ட மைதானம் ஒன்றில் ஒரு நாய்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பட்டாளத்தில் நாய்ப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர் நடத்துவது. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பது காதில் விழுந்ததும், அக்கா தலைக்குக் குளித்து, புது செருப்புப் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

பட்டாளத்தார் அதிகம் பேசுகிறவர் இல்லை. கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கறுப்பு நாயைக் கொண்டுவந்து நிறுத்தினார். “இது மேஜர். உக்கார வைங்க பாப்போம்.”

மேஜர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒரு காதை மட்டும் தூக்கி, அக்காவின் முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான். லாரி ஆபீஸ்காரரை மிரட்டிய குரல் எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

“உக்காருடா கண்ணு. கால் வலிக்குதா? சரி, மெதுவா உக்காரு.”

மேஜர் உட்காரவில்லை. அக்கா ஒரு பிஸ்கட் கொடுத்தாள். நிற்கிறதே பாவம் என்று இன்னொன்று. கேட்காமலே கிடைக்கிறது என்று புரிந்துகொண்ட மேஜர், காதை மாற்றி மாற்றித் தூக்கியே அவள் கொண்டுவந்த பிஸ்கட் முழுவதையும் காலி செய்தது. கடைசிவரை நின்றுகொண்டுதான் தின்றது.

“அம்மா,” என்றார் பட்டாளத்தார், “இங்க யாரு யாரைப் பழக்குறாங்கன்னு எனக்குப் புரியல. பாசம் இருக்கு, பாக்குறேன். அதை வெச்சு இந்த வேலை செய்ய முடியாது.”

வீட்டுக்கு வந்த அக்கா புது செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள். கணவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

“சின்ன வயசுலேர்ந்து இது ஒண்ணுதான் கேட்டேன்,” என்றாள். “அதுக்கும் நான் லாயக்கில்லையாம்.”

“என்னை மட்டும் அந்த அதட்டு அதட்டறியே.”

“உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஆகறதில்லைங்க. அது மூஞ்சியப் பாத்தா ஆயிடுது.”

கணவருக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். விட்ட இடத்திலேயே மறுபடியும் விட்டார். பிறகு தலை நிமிராமலே, “அப்ப மூஞ்சியப் பாக்காத,” என்றார்.

கோபத்தில் சொன்னாரோ, யோசித்துச் சொன்னாரோ, அக்கா பிடித்துக்கொண்டாள். நெஞ்சுப் படத்துக்கு நிற்கிறவர்கள் எக்ஸ்ரே தகட்டைப் பார்த்துத்தானே நிற்கிறார்கள். இத்தனை வருஷமும் அவள் அதட்டியதெல்லாம் முதுகுகளை.

அடுத்த ஞாயிறு, நாய்கள் தாண்டுவதற்காக மைதானத்தில் நட்டிருந்த பலகைச் சுவருக்குப் பின்னால் போய் அவள் நின்றுகொண்டாள். பயந்து ஒளிகிறாள் என்று நினைத்து பட்டாளத்தார் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“உக்காரு.”

மேஜர் உட்கார்ந்தது. கேட் அருகே பயிற்சிக்கு வந்திருந்த குண்டு நாய் ஒன்று உட்கார்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றார்.

“படு. அசையக் கூடாது.”

மேஜரின் வால்கூட அசையவில்லை.

பட்டாளத்தார் தாடையைத் தடவிக்கொண்டார். “சரிம்மா. ஆனா நாய் பழக்கப் போற வீட்டுக்கெல்லாம் பலகையத் தூக்கிட்டுப் போக முடியாதே. வெளிய வாங்க. அதுக்கு எதிர்க்க நின்னு சொல்லுங்க. சொல்லிட்டு அந்தக் கடைசி வேலிவரைக்கும் நடங்க. நீங்க கூப்பிடற வரைக்கும் அது எழுந்திரிக்கக் கூடாது.”

அக்கா வெளியே வந்தாள். மேஜர் முகத்தைச் சாய்க்க ஆரம்பித்தது. அவள் அதன் இரண்டு காதுகளுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு, “அசையக் கூடாது,” என்றாள். குரல் கொஞ்சம் ஆடியது, ஆனால் உடையவில்லை. திரும்பி நடந்தாள். வேலி வந்ததும் நின்று பார்த்தாள்.

மேஜர் அங்கேயே கிடந்தது. வரவேண்டும் என்ற தவிப்பில் உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனாலும் மோவாயைத் தரையில் அழுத்திக்கொண்டு, அவளையே பார்த்தபடி கிடந்தது.

“ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்துடணும்,” என்று பட்டாளத்தார் அங்கிருந்து சத்தம் போட்டுச் சொன்னார். “இப்பக் கூப்பிடுங்க.”

அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தாள்.

“கூப்பிடுங்கம்மா, அது எவ்வளவு நேரம் காத்திருக்கும்?”

அக்கா அப்படியே புழுதியில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் விரித்தாள்.