பிரித்த தையல்

எங்கள் தையல்கடையில் அவளுக்கு 'ஊசி அக்கா' என்று பெயர். உடம்பும் அப்படி, வாயும் அப்படி. அவள் வயிறு பெருக்கத் தொடங்கியபோது பார்த்தவர்களெல்லாம் மகிழ்ந்தே போனார்கள்.

"இப்பதான் பூசினாப்புல நல்லா இருக்கே!"

"உங்க கண்ணுல கொள்ளிய வைக்க" என்று சிரித்தபடி அக்கா தன் சுடிதார் சட்டையின் பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டாள். தையல்காரிக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே: இறுக்கினால் பிரி, தொளதொளத்தால் பிடி. வலித்தால் வாயு என்று வெந்நீர் குடித்தாள். தும்மினாலே டாக்டரிடம் ஓடுகிற அவள் புருஷன் அவளை ஒரு நாளும் கூட்டிப்போகவில்லை.

பிரிக்க உள்ளே துணி இல்லாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"எவ்வளவு நாளா வயிறு இப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"ரெண்டு தடவ பிரிச்சுட்டேன் டாக்டர்" என்றாள் அக்கா.

சினைப்பையில் புற்றுநோய். முற்றியிருந்தது.

வைத்தியத்தில் அக்கா பாதியாக இளைத்துப்போனாள். நேற்று அதே சட்டையைப் பிடித்துத் தரச் சொல்லி அவள் மகள் கொண்டுவந்தாள். பழைய தையலின் ஊசித்துளைகள் துணியில் இன்னும் தெரிந்தன. அதற்கும் நாலு விரல் உள்ளே தள்ளித் தைத்தேன். மிச்சத்தை வெட்டக் கத்தரியை எடுத்தேன்.

"வெட்டிடாதீங்க சித்தி" என்றாள் மகள். "திரும்ப உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்னு அம்மா சொன்னாங்க."