லிஃப்ட் அக்கா கண் சோதிக்கப் போன கதை

லிஃப்ட் அக்காவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. கட்டடம் கட்டடமாக ஏறி லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் வேலை. “போன மாசம்தான் பிரேக் மாத்தினோம் மேடம்” என்று மேலாளர் குழைவார். “சந்தோஷம். கதவைத் திறங்க” என்பாள். பிரேக்கைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

அப்பேர்ப்பட்டவளையே ஒருவன் இரண்டு வருடம் ஏமாற்றியிருந்தான். கட்டின புருஷன்தான், வேறொருத்தியோடு. விவாகரத்தும் ஆயிற்று, அந்தப் பேச்சு இப்போது எதற்கு? சூடு கண்ட பூனையாக இருந்தவளை, நாற்பத்தாறாவது வயதில், தங்கச்சிதான் நச்சரித்து டேட்டிங் ஆப்பில் சேர்த்துவிட்டாள்.

அதில் வந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். காபி வருவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

“எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நான் இங்க வந்தது என் மனைவிக்குத் தெரியும். அவங்களுக்கும் ஒரு நண்பர் இருக்கார். எல்லாம் பேசி வச்சதுதான்.”

எழுந்து போயிருக்கலாம். ஆனால் மனுஷன் அவளை முழுசாகப் பேசவிட்டுக் கேட்டார். பாழாய்ப்போன மனசுக்கு அவரைப் பிடித்துத் தொலைத்தது.

“பொண்டாட்டிக்குத் தெரியும்னு எல்லா ஆம்பளையும்தான் சொல்வான்” என்றாள் தங்கச்சி. அதுதான் அக்காவுக்கும் முள்ளாகக் குத்தியது. தான் அழுத அழுகையை இன்னொருத்தி அழக் கூடாது.

“உங்க மனைவியை நான் பாக்கணும்” என்றாள் வாத்தியாரிடம்.

“கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்றாங்க. நீங்க மட்டும் போங்க. நான் வந்தா சொல்லிக்குடுத்த மாதிரி இருக்கும்.”

மறுநாள் கண்ணாடிக் கடையின் இருட்டறையில், கண் சோதிக்கும் கருவியில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தாள் அக்கா. லென்ஸை மாற்றிக்கொண்டே வாத்தியாரின் மனைவி, அந்தம்மா, கேட்டாள்: “லிஃப்ட் செக் பண்றவங்கதானே? வருவீங்கன்னு சொன்னார்.”

அக்கா சுற்றி வளைக்கவில்லை. “உங்களுக்கு இதுல நிஜமாவே வருத்தம் இல்லையா?”

அந்தம்மா விளக்கைப் போட்டாள். “முதல் வருஷம் அழுதேன். பேசிப் பேசித்தான் பழகினோம். இப்ப அழுகை இல்ல. நாளைக்கு எப்படியோ, அதை இன்னைக்கே எப்படிச் சொல்றது?”

உண்மையைக் கேட்டதில் அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. “அழுகை வந்தா எங்கிட்டயே சொல்லுங்க. விலகிக்கறேன்.”

“சொல்றேன்.”

“எங்க வேலையில சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் திரும்ப வருவேன்.”

“வாங்க. அப்படியே கண்ணையும் பாத்துடலாம்.”

ஐந்து வருடமாயிற்று. கண்ணாடியின் பவர் மாறவேயில்லை. ஆனாலும் அக்கா வருடம் தவறாமல் போய், அதே கேள்வியைக் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டுதான் வருவாள். வாத்தியாரோடு வாரத்தில் இரண்டு நாள் நடையும் சமையலும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருடமும் போனாள், கேட்டாள். “இல்ல, அழல” என்ற அந்தம்மா, லென்ஸைத் திருப்பாமல் அப்படியே நின்றாள்.

“வருஷா வருஷம் நீங்க என்னைக் கேக்கறீங்க. உங்களை யாராவது கேட்டாங்களா? நீங்க அழறீங்களா?”

கட்டின புருஷன் காலத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அதன் பிறகும்தான் யார் கேட்டார்கள்? மோவாயை எடுக்காமலே அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

“சந்தோஷமாத்தான் இருக்கேன்” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “கேட்டீங்களே, அதுக்குத்தான் இது.”

அந்தம்மா கருவியை அணைத்துவிட்டு, துடைத்துக்கொள்ளக் காகிதம் நீட்டினாள். “இந்தக் கண்ணை வச்சு இன்னைக்கு அளவெடுக்க முடியாது. அடுத்த வாரம் வாங்க.”