ஆடி அமாவாசையன்று நான் திறந்துவிட்ட கேட்

"சோணைமுத்தண்ணே, யாரக் கேட்டுத் தொறந்தீக?" என்று முருகலட்சுமி மேடம் என் பங்காளிகள் முன்னால் வைத்துக் கேட்டது ஏழு வருசமாகியும் எனக்கு ஆறவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அவர் போன மாசம் இறந்துவிட்டார் என்று முந்தாநாள் பஸ்ஸில் ஒருவர் சொன்னார். இனி யாரிடம் கோபப்படுவது?

திருப்புல்லாணிப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம் அவருடையது. இராமேஸ்வரம் ரோட்டில் ஓர் அறக்கட்டளை நடத்தும் விளையாட்டு மைதானத்துக்கு மேலாளர். நான் அங்கே வாட்ச்மேன், தண்ணீர் விடுவதும் நான்தான். மேலாளர் என்றால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்றுதான் ஆறாவதோடு நின்ற நான் நினைத்திருந்தேன். இவர் விடிந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மைதானம் முழுக்க நடப்பார். காலில் தட்டுப்படும் கல், கருவேல முள், கண்ணாடிச் சில்லு எல்லாம் முந்தானையில் சேரும்.

"பாம்பன்லருந்து ஆட வார புள்ளைக வெறுங்கால்ல ஆடுதுகண்ணே. எனக்குக் குத்தாத எடந்தான் அதுகளுக்கும் குத்தாது."

அந்த வருசம் பெண் பிள்ளைகளுக்கு மாவட்டக் கால்பந்து அணித் தேர்வு எங்கள் மைதானத்தில். தேர்வாளர்கள் ஒரே நாள்தான் வருவார்கள், ஆடி அமாவாசைக்கு மறுநாள். பாம்பன் பிள்ளைகளில் நாலு பேருக்கு வயசு வரம்பு அதோடு முடிகிறது. மூன்று நாள் தண்ணீர் விட்டு, உருளை இழுத்து, தரையைப் பலகைபோல் மட்டமாக்கி வைத்திருந்தேன்.

அமாவாசை மத்தியானம். மேடம் கோல் வலை வாங்க மதுரை போயிருந்தார். பெரியப்பா மகன் கூத்தையா போன் போட்டான்.

"ஏலே சோணை, ராமேஸ்வரத்துல தர்ப்பணம் முடிஞ்சிருச்சு. ரெண்டு பஸ்ல வாரோம். அங்கன நெழல் இருக்குல்ல? சோறாக்கித் திங்கணும்டா."

"இருக்குண்ணே. ஆனா மேடம்..."

"என்னலே மேடம்? ஊருக்குள்ள ஆபீசரு மாதிரி பேசுற, ஒரு கேட்டத் தொறக்க ஏலாதா ஒனக்கு?"

திறந்தேன். ஓரமாகச் சுற்றி வேப்பமரத்துக்குப் போகச் சொன்னேன். பசியில் வந்தவர்கள் பஸ்ஸை மைதானத்துக்குக் குறுக்கே விட்டார்கள். ஈரத்தில் சக்கரம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. செங்கல்லையும் பனைமட்டையையும் முட்டுக் கொடுத்துத் தள்ளி வெளியே எடுப்பதற்குள் மைதானம் உழுத வயலாகிவிட்டது.

அப்போதுதான் மேடம் வலை மூட்டையோடு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். கூத்தையாதான் பேசினான்.

"இதுக்கா இம்புட்டு? நாங்க என்ன மாட்டயா விட்டு மேச்சோம்?"

மேடம் அவனைப் பார்க்கவே இல்லை. தேர்வாளர்களுக்குப் போன் செய்தார். கால் முறியும் தரையில் ஆடவிட மாட்டோம், அடுத்த வருசம் பார்க்கலாம் என்றுவிட்டார்கள்.

நடந்தது தன் கவனக்குறைவு என்று மேடம் அறக்கட்டளைக்குத் தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரை வேலையிலிருந்து எடுத்த பிறகுதான் எனக்கே தெரியும். கிளம்பும்வரை பதினோரு நாள் இருந்தார். முறைத்துக்கொண்டு, நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அமாவாசை சாயங்காலம் அவர் சொன்ன வேலையையும் செய்யவில்லை. வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன், மறுநாள் காலையில் அவரே போனார். என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது அதுதான்.

"காலையில பாம்பன் பஸ்ல புள்ளைக வந்து எறங்கும்ணே. நீங்களே போயிச் சொல்லுங்க. தள்ளி வச்சிருக்காகன்னு பொய் சொல்லிராதீக. வெறும் வயித்தோட வந்திருக்கும். மொதல்ல இட்லி வாங்கிக் குடுங்க, தின்னு முடிக்கட்டும். அப்புறமாச் சொல்லுங்க."