கம்பியில்லாமல் வந்த பெயர்

மனைவி இறந்த வருடம், செங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் மகன் எனக்கொரு கைத்தொலைபேசி வாங்கித் தந்தான். அவனுடையதையும் என்னுடையதையும் மேசையில் எதிரெதிரே வைத்து, கம்பியே இல்லாமல் இன்பிராரெட் கதிரால் உறவினர் எண்களை ஒவ்வொன்றாக அனுப்பினான். ஒன்றும் விடுபடக்கூடாதென்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு எண்ணும் வந்தது. ஆங்கில எழுத்தில் ‘கிராணி’ என்ற பெயரோடு. மெர்லிமாவ் ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான்.

“என்னடா, வீடுன்னு போடலியா?”

“அம்மா வச்ச பேருதான்லா அப்பா. உங்க மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே, ‘கிராணி வராரு, ஒழுங்கா உட்காருங்க’ன்னு சொல்வாங்க. அப்படியே பழகிருச்சு.”

வீட்டிலும் முட்டையைக்கூட எண்ணி வைத்தவன் நான். அவள் விளையாட்டாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா? மகனுக்குத் தெரிந்திருக்கும். கேட்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.