தேறாத கிண்ணம்

கிண்ணத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுகிறார் அந்த அம்மாள். கவிழ்த்து இன்னொரு சுற்று. அடிப்பாகம் ஒட்டிய இடத்தில், கடுகில் பாதிகூட இருக்காது, ஒரு காற்றுக்குமிழி. "போங்க, வேற செஞ்சு எடுத்துட்டு வாங்க" என்று அதை இடது பக்கத் தட்டில் வைக்கிறார். இடது பக்கம் என்றால் தேறவில்லை, வலது பக்கம் என்றால் தேறியது. இப்போது தேறாமல் போனது அவருடைய சொந்தக் கணவர் செய்த கிண்ணம்.

குவார்ட்ஸ் கண்ணாடியில் பாத்திரம் செய்யும் பட்டறை அது. ஆய்வுக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இங்கிருந்துதான் குடுவையும் குழாயும் கிண்ணமும் போகின்றன. செக்கச் சிவக்கக் காய்ச்சி அப்படியே பச்சைத் தண்ணீரில் முக்கினாலும் விரிசல் விடாத சாமான். ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு குமிழி நின்றுவிட்டால் போதும், கொதிக்கும் அமிலத்தோடு என்றைக்காவது யார் முகத்துக்கு நேராகவாவது வெடிக்கும். நான் ஓர் ஆய்வுக்கூடத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவன். காக்கவைத்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள். அப்படிக் காத்துக் கிடந்த நேரங்களில் பழக்கமானவர்தான் இந்த அம்மாள். பட்டறையில் அவருக்கு ஸ்கேன் அக்கா என்று பெயர். தலை நரைத்த பெரியவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மரியாதை பாதி, பயம் பாதி.

வெறுங்கையால் சாமானைத் தொட்டால் தொலைந்தோம். விரலில் உள்ள உப்பு பட்ட இடம் தீயில் வெள்ளையாகப் பூத்துவிடும், பிறகு அங்கிருந்தே உதிர ஆரம்பிக்கும். ஒருமுறை நான் தெரியாத்தனமாக ஒரு குழாயைக் கையில் எடுத்துவிட்டேன். அக்கா பார்த்த பார்வையில் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன். வீட்டிலும் இதே கதைதானாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாராம். கல்யாணத்துக்கு முன்னால் தன்னையும் அப்படி நிறுத்திவைத்துப் பார்த்திருந்தால் தான் தேறியே இருக்க மாட்டேன் என்பார் அவர் கணவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன். "வீட்டுல நான் சொல்றது எதையும் காதுல போட்டுக்கறதில்ல. இங்க கேட்டுத்தானே ஆகணும்" என்றார். சிரிக்கவில்லை.

மாஸ்டர் நிற்பது பட்டறையின் கோடி மூலையில். தீயில் காட்டிய குவார்ட்ஸ் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக ஒளிரும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போக முடியாது. அந்தச் சூட்டில் அதிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை எழும். ஆறினால் முகப் பவுடரைவிட நைசான தூசி. மாஸ்டர் வருஷக்கணக்கில் அதைத்தான் சுவாசித்து வந்திருக்கிறார். போன குளிர்காலத்தில் பிடித்த இருமல் விடவே இல்லை. மருந்துக்கடையில் எதையோ வாங்கிக் குடித்துச் சமாளித்தார். கடைசியில் அக்காதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே படம் வந்ததும் டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே அக்கா வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறார். நெஞ்சு நெடுக வெள்ளைப் புள்ளிகள்.

"டாக்டர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாமானா இருந்தா இடது பக்கம் வெச்சிருப்பேன்" என்று என்னிடம் சொன்னார்.

உள்ளே போனது போனதுதான், இனிமேல் துளித் தூசியும் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வேலை பார்க்கலாமே என்றால் மாஸ்டர் கையை விரித்துக் காட்டுவார். இந்தக் கைக்குத் தீயைத் தவிர வேறு என்ன தெரியும் என்பார். முதலாளி ஒரு தடித்த ரப்பர் முகமூடி வாங்கிக் கொடுத்தார். வினை அங்கேதான் வந்தது. முகமூடி போட்டால் விடுகிற மூச்சு மேலே ஏறிக் கறுப்புக் கண்ணாடியில் ஆவியாகப் படிகிறது. ஒட்டும் இடம் மங்கிப்போகிறது, குமிழி விழுகிறது. எப்போதாவது ஒன்று தேறாமல் வந்த மாஸ்டரின் கிண்ணங்கள் நாள் தவறாமல் இடது பக்கம் போயின. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்.

திடீரென்று ஒருநாள் எல்லாம் பளிங்குபோல வந்தன. மற்றவர்கள் மாஸ்டரின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அக்கா மட்டும் எழுந்து மூலைக்குப் போய்ப் பார்த்தார். முகமூடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் திருப்பித் திருப்பி அனுப்பித்தான் அவரு அதக் கழட்டியிருக்காரு. நானே அவரு மூச்சைப் புடுங்கியிருக்கேன்" என்றார்.

போன வாரம் நான் போனபோது மாஸ்டர் முகமூடியோடு வேலை செய்துகொண்டிருந்தார். அக்கா முந்திய நாள் சண்டை போட்டிருக்கிறார் என்று கேள்வி. மாஸ்டரின் கிண்ணம் வந்தது. அக்கா தூக்கிப் பிடித்தார், சுற்றினார், கவிழ்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே குமிழி தெரிந்தது. அக்கா அதை வலது பக்கத் தட்டில் வைத்தார்.

மாஸ்டர் அங்கிருந்தே பார்த்துவிட்டார். தீயை அணைத்துவிட்டு வந்து கிண்ணத்தை எடுத்தார்.

"எனக்கே காது குத்தறியா? இது யாரு மூஞ்சில வெடிக்கும்னு தெரியுமா உனக்கு?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அதற்குள் இருமல் வந்துவிட்டது.

"யாரோ ஒருத்தர் மூஞ்சி. இது உங்க மூச்சு."

மாஸ்டர் கிண்ணத்தை உடைசல் டிரம்மில் போட்டார். உடைந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. திரும்பிப் போய், முகமூடியைக் கழற்றிவிட்டு, தீயைப் பற்றவைத்தார். எனக்கு எழுந்து போகத் தோன்றவில்லை.

புதுக் கிண்ணத்தை, ஆறியதும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். குமிழி இல்லை, கீறல் இல்லை, தண்ணீரைப் பிடித்து நிறுத்தியதுபோல இருந்தது. அக்கா அதை இடது பக்கத் தட்டில் வைத்தார்.