சிரித்த முகமாக அனுப்புவது

கோச் என்றால் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும்தான் என்று நினைத்திருந்தேன். விவாகரத்துக்கும் ஒருவர் உண்டு, பிரிந்த பிறகும் இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையை வளர்க்கச் சொல்லிக் கொடுப்பார் என்று என் வக்கீலம்மா சொன்னதும் எரிச்சலாக வந்தது. சேர்ந்து வாழ ஒருத்தரும் சொல்லித் தரவில்லை, பிரிவதற்கு மட்டும் டியூஷனா? ஆனாலும் சேர்ந்தேன். கையில் ஏழு வயதுப் பெண்.

ஞாயிறு மத்தியானம் வீடியோ காலில் பேசுவோம். அந்த கோச் மேடம் நல்லவர். "குழந்தைய அவங்க அப்பாகிட்ட விடும்போது அழாதீங்க. அந்த வீட்டப் பத்தித் துருவித் துருவிக் கேக்காதீங்க. சிரிச்ச முகமா அனுப்புங்க," என்றார். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டிப் பாகங்களைச் சோதித்து அனுப்புகிறவள். மெஷின் பக்கத்தில் ஒட்டிய தாளில் என்ன இருக்கிறதோ அதை வரிசை மாறாமல் செய்வதுதான் என் வேலை. மேடம் சொன்னதையும் அப்படியே எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மீஞ்சூருக்கு ரயிலில் கூட்டிப்போவேன். பிளாட்பாரத்தில் அவள் அப்பா நிற்பார். பையைக் கொடுத்து, இருமல் மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சிரிப்பேன். திரும்பி வரும் வண்டியில் பொன்னேரி தாண்டும்வரை அழுகை. கவரைப்பேட்டையில் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். மறுநாள் சாயங்காலம் அவள் வந்து, "அப்பா ஊட்ல..." என்று ஆரம்பித்தால், "போய் கால் கழுவு," என்று பேச்சை மாற்றிவிடுவேன். கேள்வி கேட்கக்கூடாது என்றதை, காதிலேயே வாங்கக்கூடாது என்று எடுத்துக்கொண்ட மக்கு நான்.

ஒருநாள் அவரிடமிருந்து மெசேஜ். "பாப்பா, 'நான் இல்லன்னாதான் அம்மா ஜாலியா இருக்கும்'னு சொல்லுது. நீ இன்னா சொன்ன?" எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்தான் ஏற்றிவிட்டிருப்பார் என்று மனதுக்குள் கண்டபடி திட்டித் தீர்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் அவளிடமே கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடி, "நான் போறப்ப நீ சிரிச்சிக்கினே நிக்கிற. அங்க இன்னா பண்ணன்னு கூட கேக்க மாட்டற," என்றாள்.

பக்கத்தில் ஆட்கள் இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை. "இல்லடி கண்ணு. நீ இல்லன்னா எனக்கு ஊடே புடிக்காது. இந்த ரயில்லதான் அழுதுக்கினே போவேன்," என்று கட்டிக்கொண்டேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. தோளிலிருந்த பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள். "அப்போ நான் போவல. இப்டியே திரும்பிடலாம்மா."

அவளுக்கு அப்பாவும் வேண்டும். அவரும் அவளை உயிராகத்தான் பார்த்துக்கொள்கிறார். இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் மீஞ்சூர் வந்துவிட்டது. இறக்கிவிட்டேன். அவர் எதிரே வந்து நின்றார்.

"அழுவேன்னு சொன்னியே, அப்புறம் இன்னாத்துக்கும்மா என்ன அனுப்புற?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அந்தக் கையை அவர் கையில் கொடுத்தேன்.