சாமிக்கு அளந்த மரைக்கால்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர், கடல் வந்த அன்று, அந்தச் சுனாமியில் போய்விட்ட என் தங்கச்சி பெற்றவர்கள். ஆறு பேரும் இன்று தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கிக்கொள்ளலாம், ஆனால் ஆட்கள் கதைத்ததைக் கதைத்தபடியே எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சொல்ல வந்தது இதுதான். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் என் கடைசி மகள் எழுதிய கட்டுரை சில வருஷங்களுக்கு முன் வந்தது. அந்தக் கட்டுரையில் ஒரு பிழை இருந்தது. பிழை என்னுடையது. அதைப் பிடித்ததும் நான்தான்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். எங்கள் வட்டையில், அதாவது ஊரார் எல்லோருடைய வயலும் சேர்ந்து கிடக்கும் வெளியில், எனக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அது வாவியை ஒட்டிய பள்ளம். கடல் வந்த அன்று முகத்துவாரத்தால் ஏறிய தண்ணீர் வாவியை நிரப்பி, எங்கள் வரம்புகளையும் தாண்டியது. மாரிப்போகத்து நெல் அப்போது பூக்கிற தறுவாயில் நின்றது. மூன்று நாள் உப்புத்தண்ணீருக்குள் நின்றது. நான் அந்த மூன்று நாளும் வயலைப் பார்க்கவில்லை. கடற்கரைப் பக்கம் தங்கச்சியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் கடைசி மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். உப்பு ஏறிய நிலத்தில் எந்த நெல் பிழைக்கிறது என்று பார்ப்பதே அவளுக்கு அதன்பிறகு வேலையாயிற்று. வாவிக்கரையில் என்னைப் போல் நிலம் செய்கிற ஒன்பது பெண்களைப் பிடித்தாள். போகத்துக்குப் போகம் எத்தனை மரைக்கால் நெல் கண்டோம் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். நான் கணக்கு எழுதுகிறவள் இல்லை. அறுவடை முடிந்ததும் கதவின் உட்பக்கத்தில் சுண்ணாம்பால் புள்ளி வைப்பேன். அவள் அந்தக் கதவையும் படம் பிடித்துக் கட்டுரையில் போட்டாள். என் கதவு என்னை முந்திக்கொண்டு வெளிநாடு போயிற்று.

அவள் கட்டுரையின் சாரத்தை எனக்கு ஒருநாள் சொன்னாள்: எங்கள் பழைய சிவப்பு நெல் உப்பைத் தாங்கிப் பிழைத்தது, வேறு இடத்திலிருந்து புது நெல் கொண்டுவரத் தேவையில்லை. இதைச் சொல்ல நாற்பது பக்கம். பக்கத்தின் ஓரத்தில் வரிக்கு வரி இலக்கம் வேறு. நான் கேட்டேன், வரிகள் ஓடிப்போகுமா, இப்படி எண்ணி வைத்திருக்கிறாய் என்று. குறை சொல்கிறவர்கள் எந்த வரியில் குறை என்று சொல்வதற்காம்.

அனுப்பினாள். பல மாதம் சத்தமில்லை. யுத்தம் முடிந்த அந்த வருஷம், வெயில் தொடங்கிய காலம், ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. நான் குசினி வாசலில் இறால் உடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி, ஆய்விதழிலிருந்து வந்த கடதாசியை வாசித்துத் தமிழில் சொன்னாள். கட்டுரையில் குறை பார்த்த இருவரில் ஒருவர் நல்லது என்று எழுதியிருந்தார். மற்றவர் கேட்டிருந்தது: "கடல் வந்த போகத்துக்கு ஒன்பது பேரில் ஆறு பேரின் விளைச்சல் பூச்சியம் என்று அட்டவணையில் இருக்கிறது. ஒரு மணியும் தப்பாத நிலத்தில் நெல் உப்பைத் தாங்கியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அடுத்த வருஷம் விதைத்தது அதே நெல்தான் என்பதற்கு என்ன சாட்சி?"

"ஆரு அவன்?" என்றேன்.

"தெரியா அம்மா. பேர் சொல்லமாட்டாங்க. அதுதான் வழமை."

"பேர் சொல்லாமக் குறை சொல்றதா? மொட்டைக் கடிதாசி போடுறவன் போல?"

"ஓம். ஆனா இது மரியாதையான மொட்டைக் கடிதாசி." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அவர் கேக்கிறது சரிதானே. பதில் அனுப்ப இன்னும் நாலு நாள்தான் இரிக்கு. என்னட்டப் பதில் இல்ல. நாலு வருஷம் அம்மா. எல்லாம் தண்ணியில போட்ட மாதிரி."

"பூச்சியம் எண்டு நீ ஏன் எழுதினாய்?"

"நீங்கதானே சொன்னீங்க, ஒண்டும் வரல்ல எண்டு. கதவிலயும் புள்ளி இல்ல."

"ஓம். எங்களுக்கு ஒண்டும் வரல்லத்தான்." இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னேன். "சாமிக்கு அளந்ததோட முடிஞ்சு."

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சாமிக்கு என்னத்த அளந்தீங்க?"

"என்னத்த அளக்கிற? முதல் மரைக்கால்."

எங்கள் களத்தில் சூடு அடித்த நெல்லில் முதல் மரைக்கால் வட்டைப் பிள்ளையாருக்கு. அதைத் தனிச் சீலையில் கொட்டிவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவோம். எங்களுடைய முதலாவதை ஒன்று என்று சொல்லமாட்டோம், 'லாபம்' என்போம். பிறகு இரண்டு, மூன்று. சாமியின் மரைக்காலை யாரும் எண்ணுவதில்லை. அது எங்களுடைய நெல் இல்லையே. கடல் வந்த போகத்தில் மேட்டுப்பக்கம் உப்புத்தண்ணீர் பட்டும் தப்பி நின்ற கதிர்களைக் கையால் கொய்து மிதித்தேன். சரியாக ஒரு மரைக்கால் வந்தது. கொண்டுபோய்க் கோயிலில் கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தேன்.

"அம்மா! அத ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீ எங்கட நெல்லத்தானே கேட்டாய்? பிள்ளையார்ட நெல்லையா கேட்டாய்?"

"மறுகா? அடுத்த போகத்துக்கு விதைநெல் எங்கால வந்த?"

"கோயிலால. வண்ணக்கர் அந்த நெல்லையே விதைக்கெண்டு திருப்பித் தந்தார். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

அவள் எழும்பின எழும்பலில் இறால் சட்டி கவிழ்ந்தது. பூனை எங்கிருந்தோ வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பூனையைத் துரத்தவில்லை. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஒன்பது பெண்களும் ஒரே வட்டைக்காரிகள். நான் எண்ணாமல் விட்டதை அவர்களும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

"வாய்ச்சொல் காணாதம்மா. எழுத்தில வேணும்."

"எழுத்தில இரிக்கு புள்ள. செருப்பைப் போடு."

வண்ணக்கர் என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் காரியம் பார்ப்பவர். எங்கள் வண்ணக்கர் எனக்கு மச்சான் முறை. யார் யார் சாமிக்கு எவ்வளவு அளந்தார்கள் என்று கொப்பியில் பதிந்து வைப்பவர். நாங்கள் போனபோது கோயில் கிணற்றடியில் பூசைச் சாமான் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சாள், ஆடி அமாவாசைக்கும் வராத ஆக்களெல்லாம் வாறாங்க? மழை வரப்போகுது."

"மழை வந்தா வரட்டும், கொப்பியை எடுங்க. கடல் வந்த வருஷத்துக் கொப்பி."

"என்னத்துக்கு?"

"வெளிநாட்டுக்குக் காட்ட வேணும்."

"கோயில் கொப்பி வாசல்படி தாண்டாது."

"தாண்டாதா? அப்ப முகாமுக்கு எப்பிடி வந்த?"

இடையில் ஒரு வருஷம் ஊரோடு இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். விதைக்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை. அப்போது மச்சான் தன் வீட்டு நெல் மூட்டையை விட்டுவிட்டு, கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றித் தலையில் சுமந்து வந்தவர்.

"அது ஷெல்லுக்குப் பயந்து வந்த. இப்ப என்ன, ஷெல்லா அடிக்காங்க?"

"உங்கட மருமகளுக்கு அடிச்சிரிக்காங்க. பேர் சொல்லாத ஒருத்தன்."

அவர் என் மகளின் முகத்தைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கொப்பியின் ஓரமெல்லாம் ஈரம் பட்டுக் காய்ந்து கிடந்தது. நடுவில் எழுத்து நன்றாக இருந்தது. மகள் விரலை வைத்து வைத்து வாசித்தாள். என் பெயர் வந்தது. "வாவிக்கரைத் துண்டு. ஒரு மரைக்கால். விதைக்குத் திருப்பிக் கொடுத்தது." அவள் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது, நகம் பட்டது. பூச்சியம் போட்ட ஆறு பேரில் நான்கு பேரின் பெயர் அந்தப் பக்கத்தில் இருந்தது. மற்ற இருவரின் வீட்டுக்கும் நடந்துபோய்க் கேட்டோம். அவர்களுக்கு மெய்யாகவே ஒரு கதிரும் இல்லை. அவர்களின் பூச்சியம் பூச்சியமாகவே நின்றது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றாள். அது எனக்குப் பிடித்தது.

மச்சான் கொப்பியை அவளிடம் கொடுக்கவில்லை, என் கையில் தந்தார். "படிச்ச ஆக்கள் புத்தகம் எடுத்தாத் திருப்பித் தரமாட்டாங்க. நீங்க கூடப் போய் நீங்களே கொண்டு வரவேணும்." அப்படித்தான் நானும் ஆய்வு செய்யப் பட்டினம் போனேன்.

அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைப் பாதை என்போம். அதில் கொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். அக்கரையில் சோதனைச்சாவடி. ஊராரின் பெயர்கள் வரிசையாக எழுதிய கொப்பி ஒன்று அந்த நாளில் பையில் இருப்பது எவ்வளவு வில்லங்கம் என்று சாவடியைக் கண்டபிறகுதான் எனக்கு உறைத்தது. ஆமிக்காரன் கொப்பியை எடுத்தான். பெயர்களைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். பக்கத்தை விரித்துத் தலைகீழாக உதறினான். கொப்பிக்குள் மச்சான் மடித்து வைத்திருந்த திருநீறு முழுவதும் அவன் மேசையிலும் சட்டையிலும் கொட்டியது. அவன் துள்ளி எழும்பினான். என்ன நினைத்தானோ, கொப்பியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். பாதி வழி போனபிறகுதான் நாங்கள் சிரித்தோம். சிரித்துச் சிரித்து ஒழுங்கை மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பட்டினத்தில் அவள் தங்கியிருந்த அறையில் இரண்டு நாள். நான் சமைத்தேன், அவள் கணினியில் தட்டினாள். ஒவ்வொரு போகத்துக்கும் நெல் கண்ட எல்லோருடைய எண்ணிக்கையிலும் ஒன்று கூட்ட வேண்டியிருந்தது. கூட்டினால் கீழே உள்ள கணக்கெல்லாம் மாறுமாம், கணக்கு மாறினால் படம் மாறுமாம். நான் கொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பதிலை எழுதும்போது சொன்னேன், "பிழை என்ட எண்டு எழுது."

"அப்பிடி எழுதுறல்ல அம்மா."

"எழுது. என்ட வாயால வந்த பிழை. அவனுக்கும் தெரியவேணும், நாங்க பொய்க்காரரில்ல எண்டு."

யோசித்தாள். முதல் அளவை இறைவனுக்கு, அது விளைச்சலில் சேராது என்ற வழக்கத்தைத் தான் கேட்கத் தவறியதாகவும், தகவல் தந்த பெண்ணே அதைக் கண்டுபிடித்துச் சொன்னதாகவும் எழுதினாள். பிழையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், கள்ளி.

நாலாம் நாள் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போனோம். கொப்பியின் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கணினிக்குள் ஏற்றினார்கள். அவள் கேள்விக்குக் கேள்வி பதில் போட்டுக்கொண்டு போனாள். ஒருமுறை மின்சாரம் போய்த் திரும்ப முதலிலிருந்து. அந்த நேரம் பார்த்துச் சந்தியில் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. கடைக்காரர் எழுந்து சத்தத்தைக் குறைத்தார். கடைக்குள் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குள் ஒரு முகம் வந்து நின்றது. நான் கொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மகள் என் கையை எடுத்துக் கணினி எலியின் மேல் வைத்தாள். "அமத்துங்க அம்மா."

அமத்தினேன். ஒரு சத்தமும் வரவில்லை.

"போயிட்டா?"

"போயிட்டு."

"இதுக்கா இந்தப் பாடு!" என்றேன். கடைக்காரரும் சிரித்துவிட்டார். வெளியே வெடி இன்னும் கேட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, எது எதற்கு என்று பிரிக்கத் தெரியவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு காலை, நான் வயலில் நிற்க, அவள் வரம்பில் ஓடிவந்தாள். படித்த பெண், செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. ஏற்றுக்கொண்டார்கள்! அந்தப் பெயர் சொல்லாத மனிதர், மரைக்கால் வழக்கத்தைக் கட்டுரைக்குள்ளேயே தனிப் பந்தியாக எழுதச் சொல்லியிருந்தாராம். நான் அந்த இடத்திலேயே கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன். பிறகு கொஞ்சம் யோசித்து, வெளிநாடு எந்தத் திசை என்று அவளிடம் கேட்டு, அந்தப் பக்கமும் கும்பிட்டேன்.

அச்சில் வந்த பிரதியைக் கொண்டுவந்து நன்றி சொன்ன இடத்தைக் காட்டினாள். 'பிழையைத் திருத்திய பெண்ணுக்கு' என்று இருந்ததாம்.

"என்ட பேர் எங்க?"

"தகவல் தந்த ஆக்கள்ட பேர் போடக்கூடாதம்மா."

"சரி, விடு. அவனும் பேர் சொல்லல்லத்தானே. சரிக்குச் சரி."

கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மச்சான் பக்கங்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்.

இவ்வளவுதான். பேத்தி பேனையை மூடிவிட்டாள். எழுதியதை வாசித்துக் காட்டு என்றேன். "எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன்" என்று தொடங்கினாள்.

"நில்லு மனெ."

"என்ன அம்மம்மா, வயசு பிழையா?"

வயது சரி. பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போய், யுத்தம் முடிந்தபிறகும் திரும்பி வராத என் மூத்தவன் ஒருவன் இருக்கிறான். யாரும் எத்தனை பிள்ளை என்று கேட்டால் அவனுக்கு அடுத்தவளிலிருந்துதான் எண்ணுவேன். இவ்வளவு காலமும் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன்.

"ஆறை வெட்டிப்போட்டு ஏழு எண்டு எழுது. பெத்தது அஞ்சு எண்டு போடு. எழுதிட்டியா? இப்ப முதல்ல இருந்து வாசி, கேப்பம்."